சட்டைப் பைக்கு மேலே வெளுக்காத இடம்

வசந்தி, பிரபு,

மனு எழுதும் கடையின் சாவியை உங்கள் கையில் கொடுத்தது முதல் எனக்கு ஒரு தொந்தரவு. காலையில் குளித்து முடித்தால் கால் தானாக வஞ்சியூருக்கு, கடைப் பக்கம் கிளம்புகிறது. "எங்க கிளம்பியாச்சு? புது முதலாளிமாரு ஆளனுப்பினாவளா?" என்று உங்கள் அம்மா கேலி செய்கிறாள். அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பிரபு மொபைலைப் பார்ப்பான், வசந்தி "சரிப்பா, சரிப்பா" என்பாள்.

தொழில் பழக்கமெல்லாம் சொல்லப் போவதில்லை. என் காலத்துத் தட்டச்சு மிஷின் இப்போது பரணில் கிடக்கிறது. பத்தாவது வரை படித்து, நாகர்கோவிலில் டைப்ரைட்டிங் பாஸாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்தவன் நான். நீங்கள் பத்து நிமிஷத்தில் செய்வதை நான் அரை நாள் எடுத்துச் செய்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைவிடக் கொஞ்சம் அனுபவம் எனக்குக் கூடுதல். அது கடை ஸ்டூலில் வந்து உட்காருகிறவரின் முகத்தைப் பார்ப்பது.

மனு எழுத வருகிறவர் எவரும் தன் கதையைப் பலமுறை சொல்லிப் பழகியிருப்பார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண் கலங்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார். அந்த இடத்தில் உங்கள் விரல் நிற்க வேண்டும். இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு பட்டாளக்காரர்.

பிரபு, நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். அந்தக் கட்டடங்களின் வாசலில் நின்ற காவலாளிகளில் பாதிப் பேர் பழைய ராணுவத்தினர். நீல நிறச் சட்டை, தொப்பி, இடுப்பில் பெல்ட். இடது பைக்கு மேலே, பட்டாளத்தில் வாங்கிய பதக்கங்களுக்கான வண்ண நாடாவைக் குத்திக்கொள்வார்கள். சம்பளம் போடும் ஏஜென்சிக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

ஒரு நாள் அந்தச் சட்டையோடு ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் செல்லையா. தோவாளைப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு கரமனையில் வாடகைக்கு இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டை வெயிலில் நன்றாக வெளுத்திருந்தது. பைக்கு மேலே மட்டும் ஒரு சின்னப் பட்டை, வெளுக்காமல் புதுத் துணியின் நீலத்தோடு இருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் ஊசி ஓட்டை.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். கையால் மறைத்துக்கொண்டார்.

"கழட்டச் சொல்லிட்டாவ தம்பி" என்றார்.

புதிதாக வந்த சூப்பர்வைசர், அவரும் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், எல்லாருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். செல்லையாவின் புத்தகத்தில் பதக்கம் என்ற இடம் காலி. காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, "இது எங்கே வாங்கினது? சாலை பஜார்லயா?" என்று கேட்டிருக்கிறார். தனக்கு இல்லாத பதக்கத்தைக் குத்துவது குற்றம். சூப்பர்வைசர் சொன்னதில் தப்பில்லை. செல்லையா அங்கேயே, எல்லார் முன்னாலும், ஊசியைக் கழற்றி நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பொய்யா தம்பி குத்தினேன்? எழுபத்தொண்ணு சண்டையில அடி வாங்கினவன் நான். ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தேன். பொறவு வேற யூனிட்டுக்கு மாத்தினாவ. ரெண்டு வருசம் களிச்சு, பளைய யூனிட்ல இருந்து பொட்டலம் வந்திருக்குன்னு சொல்லி, பரேடுல கூப்பிட்டுக் குத்தினாவ. சண்டைக்குப் போனதுக்கு ஒண்ணு, காயம் பட்டதுக்கு ஒண்ணு."

எங்கே தவறியது என்பது அதிலேயே தெரிந்தது. பழைய யூனிட், புது யூனிட் எழுதிக்கொள்ளும் என்று விட்டிருக்கிறது. புது யூனிட், பழைய யூனிட் எழுதித்தான் அனுப்பியிருக்கும் என்று விட்டிருக்கிறது. பதக்கம் ஆளிடம் வந்து சேர்ந்தது. எழுத்து எங்கும் சேரவில்லை.

கையில் ஒரு பழைய மனுவும் அதற்கு வந்த பதிலும் வைத்திருந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து செக்ரட்டரி எழுதிக் கொடுத்த மனு. எதிரியின் காவல் நிலை மீது பாய்ந்து தாக்கும்போது குண்டடி பட்டதாகவும், கருணை கூர்ந்து வீரப் பதக்கம் வழங்க வேண்டும் என்றும் இரண்டு பக்கம். காலம் கடந்துவிட்டது, பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரியில் பதில்.

"அண்ணாச்சி, நீங்க கேட்டது இதையா?" என்றேன்.

"நான் புதுசா ஒண்ணும் கேக்கல தம்பி. தந்தாச்சு. எழுதாம விட்டுட்டாவ. அதை எழுதணும், அவ்வளவுதான்."

அதுதான் சரி. புதிதாகப் பதக்கம் கேட்டால் காலக்கெடு உண்டு. விட்டுப்போன பதிவைத் திருத்தக் கேட்பது வேறு வழி. அந்த வழியில் மனு அடிக்க ஆரம்பித்தேன். காயம் பட்ட இடம் வந்ததும் கையை நிறுத்தி, "எப்படிப் பட்டது, சொல்லுங்க" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். "அது பளைய மனுவுலயே இருக்குல்லா. அதையே போட்டுரும்" என்றார்.

அதுவரை நிறுத்தாமல் பேசியவர், இந்த ஒரு வரியைத் தாண்டிப் போன வேகம் எனக்கு இடித்தது. அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன். கூட இருந்த ஆள் யாராவது உண்டா, விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சில நாளில் செய்தி வந்தது. பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸிலிருந்து அதிகாரிகள் நேரில் வந்து பாங்கோட்டுப் பட்டாள வளாகத்தில் ஒரு நாள் குறைதீர் முகாம் நடத்துகிறார்களாம். மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. முகாமுக்கு முந்தின நாள் காலையில் செக்ரட்டரி தன் ஸ்கூட்டரில் செல்லையாவையும் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல மனுஷர், நெய்யாற்றின்கரைக்காரர். தன் பெட்ரோலைச் செலவழித்து ஊர் முழுக்க உள்ள பட்டாளக்காரர்களுக்கு அலைந்தவர். என் மேசையில் இரண்டு அபிடவிட்டை விரித்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு சாட்சி. ரெண்டும் ஹவில்தார். கண்ணால கண்டதுன்னு சத்தியம் செய்திருக்கு. இனி எந்தா வேணும்?"

படித்தேன். இரண்டிலும் ஒரே வார்த்தைகள். பேரும் நம்பரும்தான் வேறு.

"அண்ணாச்சி, இவங்க ரெண்டு பேரும் அப்ப உங்ககூட இருந்தாங்களா?" என்று செல்லையாவிடம் கேட்டேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தன் லீவுல இருந்தான். இன்னொருத்தன் வேற கம்பெனி" என்றார்.

"எடோ, அது இப்போ ஆரு கேட்டு?" என்று செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம கூட்டத்தில ஒருத்தனுக்கு ஒரு காரியம் வந்தா, ஒப்பு இடான் யோசிக்கிறவன் பட்டாளக்காரனா? நாளைக்கு அவனுக்கு வந்தா இவன் இடும். அதாணு நம்ம பழக்கம்."

அது உண்மை. அவர்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்காக மற்றவன் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவான். குண்டுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் நம்பிப் பழகியவர்கள். காகிதத்திலும் அதே நம்பிக்கை.

"சாரே, லீவு போனது எங்க எழுதியிருக்கும்? நாளைக்கு வர்ற அதே ஆபீஸ்லதானே? அதை எடுத்துப் பார்த்தா இந்த சாட்சி பொய்யாகும். இது பொய்யானா அண்ணாச்சிக்கு அடிபட்டதும் பொய்யாகும்" என்றேன்.

"அண்ணாச்சி பட்டாளத்தில இருந்ததில்லல்லோ. உங்களுக்கு இது மனசிலாவாது" என்றார் செக்ரட்டரி.

"வச்சிரும் தம்பி" என்றார் செல்லையா. "இந்த ஒரு நாளை விட்டா நான் எங்க போவேன்? டெய்லி அந்த கேட்டுல நிக்கணும். சின்னப் பயலுவ நெஞ்சைத்தான் பாக்கானுவ."

எனக்கும் மனசு ஆடியது. மனு என்னுடையதல்ல. நாளை விட்டால் அடுத்த வாய்ப்பு இல்லை. சாட்சியே இல்லாமல் அனுப்பி, அது தள்ளுபடியானால் அந்தப் பாவம் யாருக்கு? அபிடவிட்டை மனுவோடு ஊசியால் குத்தி வைக்க எனக்கு ஒரு விநாடி போதும். ஆனாலும் அந்தக் காலிப் பத்தி என்னை விடவில்லை. உண்மையாகவே அடிபட்ட ஒருவர், அடிபட்ட விதத்தைச் சொல்ல ஏன் மற்றவர் வார்த்தையைக் கடன் வாங்க வேண்டும்?

"இதைச் சேர்த்து நான் அடிக்க மாட்டேன், சாரே. வேற கடையில அடிச்சுக்கிட்டா நான் தப்பு சொல்ல மாட்டேன்" என்றேன்.

செக்ரட்டரி முகம் சிவந்து எழுந்தார். "வா, செல்லையா" என்றார். செல்லையா எழவில்லை. செக்ரட்டரி மட்டும் ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டு போனார். அபிடவிட் இரண்டும் மேசையிலேயே கிடந்தன.

டீ வாங்கி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் அவர் மறுபடி பழைய மனுவைத்தான் ஒப்பிப்பார்.

டீ ஆறி ஆடை கட்டியது. அப்புறம் சொன்னார்.

"கையில துப்பாக்கி இல்ல தம்பி."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு நாளா சோறு வரல. பின்னால இருந்து சோத்து அண்டாவைத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தான். குக்கு. மேடு ஏற முடியல அவனுக்கு. எங்க ஆளுவ, செல்லையா, உங்க ஊர்க்காரன்தானே, போய் ஒரு கை பிடின்னாவ. போனேன். அண்டாவுல ஆளுக்கொரு காதைப் பிடிச்சுத் தூக்கிட்டு ஓடி வாறோம், பக்கத்துல செல்லு விழுந்து வெடிச்சது. பின்னந்தொடை பூரா கிழிஞ்சு போச்சு. விழுந்தது சோத்து மேல. என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனது அந்தக் குக்குதான்."

"இதுல என்ன அண்ணாச்சி?"

"வீட்டுல, எதிரி குழியில பாஞ்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். பெண்டாட்டிக்கும் அதுதான் தெரியும், பிள்ளையளுக்கும் அதுதான் தெரியும். சோறு தூக்கப் போயி பின்பக்கத்துல அடி வாங்கினேன்னு எப்பிடி தம்பி சொல்லுவேன்?"

எனக்கும் பிள்ளைகளாக நீங்கள் இருந்தீர்கள். நானும் உங்களிடம் சிலதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த குக் எங்க இப்ப?"

அவர் முகத்தில் ஒரு அசட்டுத்தனம். "ஆரியசாலைல. ஓட்டல்ல சமைக்கான்."

"இங்க இருந்து நடந்து போகிற தூரம்!"

"அந்தத் தெருப் பக்கம் நான் போறதில்ல. எவன்கிட்டயாவது சொல்லிருவானோன்னு பயம்."

கடையைச் சாத்திவிட்டு இருவரும் கிளம்பினோம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கிய நேரம். அரிசி மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே நுழைந்து ஓட்டலின் பின்கட்டுக்குப் போனோம். அந்தக் குக், ஞானமுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். செல்லையாவைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"லேய், செல்லையா! ஆரியசாலைக்கு இப்பத்தான் ரோடு போட்டானாக்கும்?"

செல்லையா நின்ற இடத்திலேயே நின்றார்.

"நீ கரமனைல இருக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மீன் வாங்க வந்துட்டு என்னைக் கண்டதும் பாலத்துப் பக்கமா திரும்பி ஓடினியே, அப்பவே பாத்தேன். காலு நல்லாத்தான் இருக்கு பயலுக்கு, எளவு, நான் சுமந்தது வீண்போகலன்னு சந்தோசப்பட்டேன்."

செல்லையா அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞானமுத்து அவர் தோளில் கையைப் போட்டு, "சாப்பிட்டியாலே?" என்று கேட்டார். அப்போதுதான் செல்லையா அழுதார்.

விஷயத்தை நான் சொன்னேன். நாளைக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"சோறு கொட்டினதையும் சொல்லணுமா?" என்றார் ஞானமுத்து.

"அதையும்தான்."

"அப்பம் வாறேன். அந்தச் சோறு என்னால கொட்டலன்னு இவ்வளவு வருசமா ஒருத்தன்கிட்டயாவது சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

கடைக்குத் திரும்பிக் காலிப் பத்தியை அடித்தேன். உணவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னணிக் குழிக்குத் திரும்பும்போது எதிரியின் ஷெல் வெடித்துக் காயம் பட்டது என்று ஒரே வாக்கியம். செல்லையா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இது காகிதத்துல ஏறிட்டா அப்புறம் மாத்த முடியாதுல்லா?" என்றார். முடியாது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முகாமில் பந்தல் நிறையக் கூட்டம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேஜர் மைசூர்ப் பக்கத்துக்காரர், உடைந்த தமிழில் பேசினார். புது மனுவைப் படித்தார். பிறகு ஃபைலைப் புரட்டி, செக்ரட்டரி எழுதிய பழைய மனுவை வெளியே எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல பாய்ஞ்சு அட்டாக். இதுல சாப்பாடு. எது நிஜம்?"

பின்னால் வரிசையில் இருந்த எல்லாரும் பட்டாளக்காரர்கள். செக்ரட்டரியும் அங்கேதான் நின்றார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் ஞானமுத்து என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அவருக்கு என்னைவிட விவரம் புரிந்திருந்தது. அது செல்லையா சொல்ல வேண்டியது.

செல்லையா விறைப்பாக நின்றார். காதைக் கிழிக்கும் பட்டாளத்துக் குரலில் சொன்னார்.

"சாப்பாடு, சாஹிப்! கையில துப்பாக்கி இல்ல. சோத்து அண்டா!"

வரிசையில் யாரோ கொஞ்சம் சிரித்தார்கள். மேஜர் சிரிக்கவில்லை. ஞானமுத்துவைப் பக்கத்தில் கூப்பிட்டு, எந்த இடம், யார் கமாண்டர், எந்த ஆஸ்பத்திரி என்று தனியாகக் கேட்டார். இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "செல்லு எதிரி போட்டதுதானே? அது போதும். கையில என்ன இருந்தது எழுதறதுக்கு இதுல கட்டமே இல்ல" என்றார். ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லி ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் செக்ரட்டரி வந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் செல்லையாவின் முதுகில் ஒரு அறை வைத்தார்.

"எடா, சோறு சுமந்ததுக்கும் மெடல் உண்டோ? அப்போ என்ற பார்யைக்கு எத்தனை கிட்டணும்!"

ஞானமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாரு எந்தக் கம்பெனி? அங்கயும் சோறு தின்னுட்டுத்தானே சண்டை போட்டீரு?"

மூன்று பேரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

பதில் வரப் பல மாதங்கள் ஆயின. ஆஸ்பத்திரிப் பதிவு கிடைத்துவிட்டது. இரண்டு பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறின. புத்தகத்தைக் காட்ட செல்லையா கடைக்கு வந்தபோது, "சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"புத்தகத்தைப் பாத்தாரு. நாளைக்குக் குத்திட்டு வாரும்னாரு. மறுநாள் வரிசையில எனக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னாரு. அவ்வளவுதான்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஞானமுத்தைச் சோறு திங்க கூப்பிட்டேன். நான் எங்க சொல்ல? அவனே எல்லாம் அவிழ்த்து விட்டுட்டான். எம் மகளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிப் போச்சு." புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். "பொறவு எந்திரிச்சு அவன் இலையில இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டா தம்பி."

அவர் போன பிறகு மேசை இழுப்பறையில் கிடந்த அந்த இரண்டு அபிடவிட்டையும் செக்ரட்டரியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பாராமலே ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

வசந்தி, உனக்கு வேகம் அதிகம். அது நல்லதுதான். ஆனால் ஒருவர் உன் முன்னால் ஒரு வரியைத் தாண்டிப் போனால், நீயும் கூடவே தாண்டாதே. பிரபு, ஆள் பேசாமல் இருக்கும்போது நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. டீ ஆறினால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் ஒரு நாள் மதியத்துக்கு மேல், பேப்பர் வாங்க சாலை பஜாருக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். அங்கே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தட்டுக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். லாரிகளுக்கு இடையிடையே கேட் தெரிந்தது. கழுத்தில் அட்டை தொங்கப் பிள்ளைகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். செல்லையா ஒவ்வொரு காருக்கும் குனிந்து பார்த்துத் தடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். வெளுத்த நீலச் சட்டையில் பைக்கு மேலே இரண்டு வண்ண நாடாக்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. அவரும் யாரும் கவனிக்க வேண்டும் என்று நிற்கவில்லை.

ரோட்டைத் தாண்டிப் போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அவர் வேலை நேரம்.

திரும்பி வரும் பஸ் வந்தது. அந்த நேரத்தில் கூட்டமில்லை, ஜன்னலோரத்து சீட்டெல்லாம் காலி. "அண்ணா, சீட்டுண்டல்லோ, இரிக்கு" என்றார் கண்டக்டர். பரவாயில்லை என்று தலையசைத்தேன். அந்த கேட்டைக் கடந்து போகும்வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.